நடு இலக்கங்களின் புதிர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)

77371252455336267181195264. இருபத்தாறு இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணில் ஓரிடத்தில்கூடப் பூச்சியம் இல்லை. 1-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டித்துக்கொண்டே போனால் 86ஆவது முறை கிடைக்கும் எண் இது. கணித எழுத்தில் 2⁸⁶. இதை மேலும் ஒருமுறை இரட்டித்தால் பூச்சியம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான அடுக்குகள் வரை கணினியில் தேடியும் பூச்சியமற்ற இன்னோர் 2-இன் அடுக்கு அகப்படவில்லை. இனியும் அகப்படாது என்றே எண் கோட்பாட்டில் பழகியவர்கள் கருதுகிறார்கள். ஆனால் அதை இதுவரை யாரும் நிறுவவில்லை.

ஒரு தொடர்வரிசையின் ஒவ்வொரு உறுப்பையும் அதற்கு முந்தைய உறுப்பிலிருந்தோ உறுப்புகளிலிருந்தோ ஒரே விதியால் பெறுவது மீள்வரையறை எனப்படும். இரட்டித்தல் அத்தகைய விதிகளில் மிக எளியது. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது என்ற விதி 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற ஃபிபனாச்சி வரிசையைத் தருகிறது. பீசா நகரத்து லியனார்டோ 1202இல் தம் நூலில் முயல் கணக்காக இதைச் சொல்வதற்கு முன்பே, குறிலும் நெடிலும் சேர்ந்து எத்தனை வகையில் ஓர் அடியின் மாத்திரையை நிரப்பும் என்று எண்ணிய வடமொழி யாப்பிலக்கணத்தார் விரகாங்கரும் ஹேமசந்திரரும் இதே எண்களைக் கண்டிருந்தனர். விதிகள் பள்ளிப் பிள்ளைக்கும் புரிபவை. அவை ஈனும் எண்களைப் பத்தின் அடிமானத்தில் எழுதி, இலக்கங்களை உற்றுப் பார்க்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அவையோர் முன் வைக்கப்படும் கருத்து ஒன்றே. இத்தகைய எண்களின் கடை இலக்கங்களைப் பற்றி என்ன கேட்டாலும் விடை சொல்ல முடிகிறது. தலை இலக்கங்களைப் பற்றிக் கேட்டாலும் முடிகிறது. நடுவில் கிடக்கும் இலக்கங்களைப் பற்றிக் கேட்டால் முடிவதில்லை. அரிய இலக்க அமைப்புகள் குறித்துத் தீராமல் கிடக்கும் ஊகங்கள் பெரும்பாலும் நடு இலக்கங்களைச் சார்ந்தவை. தீர்ந்தவற்றிலோ, நடு இலக்கங்கள் தனித்துத் திரியாதபடி அவற்றைக் கட்டிப்போட ஏதோ ஒரு வழி கிடைத்திருக்கிறது.

1. கடை இலக்கங்கள்

2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கில் சுழல்வது எல்லோருக்கும் தெரியும். கடைசி இரண்டு இலக்கங்கள் 20-இல் சுழல்கின்றன, கடைசி மூன்று 100-இல், கடைசி நான்கு 500-இல். ஒவ்வோர் இலக்கம் கூடும்போதும் சுழற்சி ஐந்து மடங்காகிறது. ஃபிபனாச்சி எண்களின் கடைசி இலக்கம் 60 உறுப்புகளுக்கு ஒருமுறை சுழல்வதை லாக்ராஞ்சு 1774இல் குறித்தார். கடைசி இரண்டு இலக்கங்களுக்குச் சுழற்சி 300, மூன்றுக்கு 1500. காரணம் எளிது: அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் கடைசி இலக்கங்கள் அமையும் வகை மொத்தம் நூறுதான். விதியைப் பின்னோக்கியும் நடத்தலாம். ஆகவே வரிசை எங்கோ நடுவில் சிக்கிச் சுழலாமல், தொடங்கிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும்.

சுழற்சி இருக்கிறது என்பதோடு செய்தி முடிவதில்லை. 2-இன் அடுக்குகளுக்கு எந்தக் கடைகள் வாய்க்கும், எவை வாய்க்கா என்பதையும் முற்றாகச் சொல்லிவிடலாம். போதிய அளவு பெரிய அடுக்கின் கடைசி மூன்று இலக்கங்கள் 8-ஆல் வகுபட வேண்டும், 5-ஆல் வகுபடக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்ட மூன்றிலக்கக் கடைகள் சரியாக நூறு. நூறும் வருகின்றன, ஒன்றும் விடுபடுவதில்லை. நான்கு இலக்கத்துக்கு 16, ஐந்துக்கு 32 என்று வகுஎண் மாறுமே தவிர நியதி மாறாது. 2-இன் அடுக்குகளை 25-ஆலோ 125-ஆலோ 5-இன் வேறெந்த அடுக்காலோ வகுத்தால், 5-ஆல் வகுபடாத மீதிகள் அத்தனையையும் தொட்டுவிட்டே அவை திரும்புகின்றன என்பது இதன் அடிப்படை.

இதிலிருந்து ஒரு கட்டுமான விதி கிடைக்கிறது. பின்வரும் வாதங்கள் பலவும் இதன் மேல் நிற்பதால் இதை நின்று பார்ப்பது தகும். கடை ஒன்று கையில் இருக்கிறது. அதன் இடப்புறம் இன்னோர் இலக்கம் சேர்க்க வேண்டும். சேர்க்கும் இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதை ஏற்கெனவே இருக்கும் கடை முடிவு செய்துவிடுகிறது. ஒற்றை என்றால் 1, 3, 5, 7, 9 ஐந்தும் செல்லும். இரட்டை என்றால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் செல்லும். எடுத்துக்காட்டாக 2 என்ற கடைக்கு முன் ஒற்றைதான் வரலாம்: 12 நான்கால் வகுபடும், 22 வகுபடாது. 12-க்கு முன்னும் ஒற்றை: 112 எட்டால் வகுபடும், 212 வகுபடாது. 112-க்கு முன் இரட்டை: 2112 பதினாறால் வகுபடும். அடுத்தது 22112. இப்படி 1, 2 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எவ்வளவு நீளமான கடையையும் கட்டலாம். ஒவ்வொரு படியிலும் சரியாக ஒரே ஒரு தெரிவுதான் இருக்கும். அந்தக் கடையில் முடியும் 2-இன் அடுக்கும் எங்கோ உண்டு. 2⁹ என்பது 512, 12-இல் முடிகிறது. 112-இல் முடியும் முதல் அடுக்கு 2⁸⁹: 618970019642690137449562112. அது 2112 என்ற நான்கிலக்கக் கடையையும் சேர்த்தே தருகிறது.

எதிர்த் திசையில், கடையில் நீளமான பூச்சிய வரிசையையும் வரவழைக்கலாம். மூன்றிலக்கச் சுழற்சி 100 என்பதால் 2¹⁰³-இன் கடைசி மூன்று இலக்கங்கள் 2³-இன் கடையாகவே இருக்க வேண்டும். 2¹⁰³ என்பது 10141204801825835211973625643008. முடிவு 008. சுழற்சியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால், எட்டுக்கு முன் இரண்டு பூச்சியங்கள் நின்றதுபோல் ஆயிரம் பூச்சியங்களையும் ஓர் எண்ணின் வயிற்றுக்குள் நிறுத்தலாம்.

2. தலை இலக்கங்கள்

தலை இலக்கங்களை ஆள்வது மடக்கை. 10-ஐ அடியாகக் கொண்ட 2-இன் மடக்கை 0.30103 என்று தொடங்கும் ஒரு விகிதமுறா எண். அடுக்கு ஒன்று ஏற ஏற இந்த அளவு கூடிக்கொண்டே போகிறது. கூட்டுத்தொகையின் பின்னப் பகுதி 0-க்கும் 1-க்கும் இடையே எந்த இடத்தையும் விட்டுவைக்காமல், எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தேற்றம்; வெயில் என்ற ஜெர்மானியக் கணிதரின் பெயரோடு அது வழங்குகிறது. விளைவு: எந்த இலக்கக் கோவையைச் சொன்னாலும் அதில் தொடங்கும் 2-இன் அடுக்கு உண்டு; ஒன்றல்ல, எண்ணற்றவை.

எவ்வளவு அடிக்கடி என்பதும் தெரியும். 1-இல் தொடங்குபவை நூற்றுக்கு 30.1, 9-இல் தொடங்குபவை நூற்றுக்கு 4.6. தொடக்கத்திலிருந்து பார்த்துவருபவருக்கு 7-உம் 9-உம் வரவே வராதோ என்று தோன்றும். 7-இல் தொடங்கும் முதல் அடுக்கு 2⁴⁶ (70368744177664). 9-இல் தொடங்குவதற்கு 2⁵³ (9007199254740992) வரை காத்திருக்க வேண்டும். ஃபிபனாச்சி எண்களின் தலை இலக்கங்களும் இதே விகிதத்தில்தான் அமைகின்றன. நியூகோம் 1881இலும் பென்ஃபோர்டு 1938இலும் பலவகை எண் அட்டவணைகளில் கண்ட விகிதம் இதுவே. ஆனால் அங்கே அது கண்டறிந்த வழக்கம். இங்கே அது தேற்றம். இந்த வேறுபாடு சிறியதன்று.

3. நடுவில் நிகழ்தகவு

கடையும் தலையும் கைவசமான பிறகு 2⁸⁶-க்குத் திரும்பலாம். பூச்சியமே இல்லாத 2-இன் அடுக்குகள் எத்தனை இருக்க வேண்டும்? நடு இலக்கம் ஒவ்வொன்றும் பகடையை உருட்டியதுபோல் தற்செயலாக அமைகிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஓரிலக்க அடுக்குகள் 1, 2, 4, 8 ஆகிய நான்கும் பூச்சியமற்றவை. அதற்கு மேல், ஒவ்வோர் இலக்க நீளத்துக்கும் சராசரியாக 3.32 அடுக்குகள் உண்டு. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் பூச்சியமாக முடியாது. மீதமுள்ள ஒவ்வோர் இலக்கமும் பூச்சியத்தைத் தவிர்க்கும் நிகழ்தகவு 0.9. ஆகவே ஈரிலக்கத்துக்கு 1, மூவிலக்கத்துக்கு 0.9, நாலிலக்கத்துக்கு 0.81 என்று குறைந்துகொண்டே போகும் பெருக்குத் தொடரைக் கூட்டினால் 10. அதை 3.32-ஆல் பெருக்கி நான்கைச் சேர்த்தால் சுமார் 37.

உண்மையில் கண்டறியப்பட்டவை 36. 2⁰ முதல் 2⁹ வரை பத்தும் பூச்சியமற்றவை. பிறகு இடையிடையே விட்டு, 31 முதல் 37 வரை ஏழு அடுக்குகள் தொடர்ச்சியாக வருகின்றன. அதன்பின் 39, 49, 51, 67, 72, 76, 77, 81, 86. அத்தோடு சரி. இத்தனை முரட்டுத்தனமான மதிப்பீடு இத்தனை நெருக்கமாகப் பொருந்துவது, நடு இலக்கங்கள் தற்செயல்போலவே நடந்துகொள்கின்றன என்பதற்கு வலுவான சான்று.

இதே கணக்கின்படி, ஆயிரமாவது அடுக்குக்கு அப்பால் பூச்சியமற்ற எண் ஒன்றேனும் இருப்பதற்கான வாய்ப்பு ஒரு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. வேறு எந்தத் துறையிலும் இதை உறுதி என்றே எழுதிவிடுவார்கள். கணிதத்தில் எழுத முடியாது. 2-இன் அடுக்கில் தற்செயல் என்று எதுவும் இல்லை. ஒவ்வோர் இலக்கமும் முன்பே விதிக்கப்பட்டது. விதிக்கப்பட்ட ஒன்று தற்செயல்போல் நடக்கிறது என்பதைத்தான் நிறுவ வேண்டும். அதற்கான கருவி இன்னும் இல்லை.

கடை இலக்கங்களைக் கொண்டு நிறுவிவிட முடியாதா என்ற கேள்வி இயல்பாக எழும். ஒவ்வொரு கடையாகப் பார்த்து, பூச்சியமுள்ளவற்றை ஒதுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எல்லாம் ஒதுங்கிவிடாதா? ஒதுங்காது என்பதை முதல் பகுதியில் கண்ட கட்டுமான விதியே சொல்லிவிடுகிறது. இடப்புறம் ஒற்றை இலக்கம் சேர வேண்டிய இடத்தில் ஐந்து தெரிவுகளும் பூச்சியமற்றவை. இரட்டை சேர வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் கழிந்து நான்கு மிஞ்சும். ஆகவே எவ்வளவு தூரம் போனாலும் பூச்சியமற்ற கடைகள் ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு மடங்காகப் பெருகுகின்றன. தலைப்பக்கம் போனாலும் இதே கதை: எந்தக் கோவையும் தலையில் வரலாம் என்பதால் பூச்சியமற்ற கோவைகளும் வரும். இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி நடந்து சென்று இந்தக் கேள்வியை முடிக்க இயலாது. பல பத்தாண்டுகளாக இது தீராமல் இருப்பதன் காரணம் இதுதான், முயற்சிக் குறைவு அன்று.

4. எர்டோஷின் மும்மைக் கேள்வி

இதே தடையை இன்னும் துலக்கமாகக் காட்டுவது ஹங்கேரியக் கணிதர் பால் எர்டோஷ் 1979இல் வெளியிட்ட ஊகம். 2-இன் அடுக்குகளைப் பத்துக்குப் பதிலாக 3-ஐ அடிமானமாக வைத்து எழுத வேண்டும். அப்போது வரக்கூடிய இலக்கங்கள் 0, 1, 2 மட்டுமே. 1 என்பது 1. 4 என்பது 11. 256 என்பது 100111. இந்த மூன்றிலும் 2 என்ற இலக்கம் இல்லை. 256-க்கு மேற்பட்ட 2-இன் அடுக்கு ஒவ்வொன்றிலும் 2 என்ற இலக்கம் ஒருமுறையாவது வந்தே தீரும் என்பது ஊகம்.

கடையிலிருந்து சலித்துப் பார்க்கும் முறை இங்கே எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் போட்டே காணலாம். கடைசி இலக்கம் 2 ஆகக் கூடாது. அது 0 ஆகவும் முடியாது. ஆகவே 1. அதாவது அடுக்கைக் குறிக்கும் எண் இரட்டை. அடுத்து 9-ஆல் வகுத்த மீதிகளைப் பார்த்தால், இரட்டை அடுக்குகள் 1, 4, 7 என்ற மீதிகளைத் தருகின்றன. மூன்றின் அடிமானத்தில் அவை 01, 11, 21. மூன்றாவது கழிகிறது. எஞ்சுபவை, அடுக்கை 6-ஆல் வகுத்தால் 0 அல்லது 2 மீதி தருபவை. அடுத்து 27-ஆல் வகுத்தால் இந்த இரண்டு கிளைகளும் மும்மூன்றாகப் பிரிகின்றன. முதல் கிளையில் 0, 6, 12 என்ற அடுக்குகளின் கடைகள் 001, 101, 201. இரண்டாவது கிளையில் 2, 8, 14 என்ற அடுக்குகளின் கடைகள் 011, 111, 211. ஒவ்வொரு கிளையிலும் ஒன்று கழிய, அடுக்கை 18-ஆல் வகுத்தால் 0, 2, 6, 8 மீதி தருபவை மட்டும் நிற்கின்றன. இனி எத்தனை படி போனாலும் இதேதான்: மூன்று கிளைகளில் ஒன்று ஒடியும், இரண்டு தழைக்கும்.

பதினெட்டில் நான்கு, ஐம்பத்து நான்கில் எட்டு, நூற்று அறுபத்திரண்டில் பதினாறு. தப்பிப் பிழைப்பவை மொத்தத்தில் மெலிந்துகொண்டே போகின்றன. எண்ணிக்கையிலோ பெருகிக்கொண்டே போகின்றன. போலந்துக் கணிதர் நார்க்கீவிச் 1980இல் இந்த மெலிவை ஒரு வரம்பாக எழுதினார். ஒரு கோடி வரையுள்ள அடுக்குகளில் 2 என்ற இலக்கத்தைத் தவிர்ப்பவை, ஒரு கோடியின் 0.63ஆம் அடுக்கைப்போல் ஏறத்தாழ 1.62 மடங்குக்கு மேல் இருக்க முடியாது. கோடிக்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் அதே வரம்பு பொருந்தும். ஊகம் சொல்வதோ, எவ்வளவு தூரம் போனாலும் மூன்றே மூன்று என்று. வரம்புக்கும் ஊகத்துக்கும் நடுவே கிடக்கும் தொலைவு, கடைமுறையின் எல்லையைச் சரியாகக் காட்டுகிறது.

கணினித் தேடலில் இம்முறை அருமையாக உதவியது. ராபர்ட் சாய் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 2×3⁴⁵ வரையுள்ள அடுக்குகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன. அது ஏறத்தாழ 5.9-ஐ அடுத்து இருபத்தோரு இடங்கள் செல்லும் எண். அத்தனை அடுக்குகளையும் ஒன்றொன்றாக எழுதிப் பார்க்க எந்தக் கணினியாலும் முடியாது. ஒடிந்த கிளைகளை அப்படியே விட்டுவிட்டுத் தழைத்தவற்றின் பின்னால் மட்டும் போனதால்தான் அது சாத்தியமாயிற்று. இது ஊகத்தை நிறுவவில்லை. என்றாலும் இலக்கங்களைப் பற்றிய கேள்வியில் கணினியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி அரிது.

5. நடுவைப் பற்றி நிறுவப்பட்டது எவ்வளவு?

நடு இலக்கங்களைப் பற்றி எதுவுமே நிறுவ முடியாது என்று அவையோர் எண்ணிவிடக் கூடாது. ஓர் அழகிய சிறு வாதம் உண்டு. 2-இன் பெரிய அடுக்கு ஒன்றின் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்தால் அவை 16-ஆல் வகுபட வேண்டும். பூச்சியமாக இருக்க முடியாது. ஆகவே அந்தக் கடை குறைந்தது 16. அதாவது 10-ஐவிடப் பெரியது. எனவே வலமிருந்து 2 முதல் 4 வரையுள்ள இடங்களில் பூச்சியமல்லாத இலக்கம் ஒன்றாவது இருந்தாக வேண்டும். கடைசி 16 இலக்கங்களை எடுத்தால் அவை 2¹⁶-ஆல், அதாவது 65536-ஆல் வகுபட வேண்டும். அது 10000-ஐவிடப் பெரியது. ஆகவே 5 முதல் 16 வரையுள்ள இடங்களிலும் பூச்சியமல்லாத ஒன்று உண்டு. அடுத்த சாளரம் 17 முதல் 64 வரை, அதற்கடுத்தது 65 முதல் 256 வரை. ஒவ்வொரு சாளரமும் முந்தையதைப்போல் நான்கு மடங்கு நீளம்; ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கமாவது உயிரோடு இருக்கும்.

ஆகவே அடுக்கு ஏற ஏறப் பூச்சியமல்லாத இலக்கங்களின் எண்ணிக்கையும் வரம்பின்றி ஏறும். இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அவ்வாறே. இது பள்ளிக் கணிதத்துக்குள் அடங்கும் முழுமையான நிறுவல். ஆனால் இது தரும் அளவைப் பார்க்க வேண்டும். 2¹⁰⁰⁰-இல் 302 இலக்கங்கள் உள்ளன. அவற்றில் பூச்சியமல்லாதவை குறைந்தது ஐந்து என்று மட்டுமே இவ்வாதம் உறுதி தருகிறது. எழுதிப் பார்த்தால் இலக்கக் கூட்டுத்தொகை 1366 வருகிறது. ஓர் இலக்கம் 9-ஐத் தாண்டாது என்பதால் பூச்சியமல்லாதவை 152-க்குக் குறையவே முடியாது. கண்ணால் காண்பது நூற்றுக்கணக்கில், நிறுவ முடிவது விரல்விட்டு எண்ணும் அளவில். ஒரே எண்ணை 2, 10 போன்ற இரண்டு அடிமானங்களில் எழுதும்போது இரண்டிலும் ஒருசேரப் பெரும்பாலும் பூச்சியங்களாக அமைய முடியாது என்பதை சென்ஜியும் ஸ்ட்ராசும் 1973இல் நிறுவினர். ஸ்டூவர்ட் 1980இல் அதற்கு அளவும் கொடுத்தார். 2-இன் அடுக்கு இரண்டின் அடிமானத்தில் 1-ஐத் தொடர்ந்து பூச்சியங்கள் மட்டுமே கொண்டது. ஆகவே பத்தின் அடிமானத்தில் அதற்கு அந்த எளிமை வாய்க்காது. கருத்து ஆழமானது. ஆயினும் இது தரும் வரம்பும் உண்மையில் காணும் எண்ணிக்கையை எட்ட வெகுதூரம் போக வேண்டும்.

6. நடு இலக்கங்கள் கட்டுண்ட இடங்கள்

ஃபிபனாச்சி வரிசையில் 55 ஒரு விந்தையான எண்: எல்லா இலக்கமும் ஒன்றே. 777, 44444 போன்ற வேறெந்த ஒற்றையிலக்கக் கோவையும் அதற்குமேல் அந்த வரிசையில் வருவதில்லை. புளோரியன் லூக்கா 2000இல் இதை நிறுவினார். பூச்சியமற்ற அடுக்குகளைப் பற்றிய கேள்வி தீராதபோது இது எப்படித் தீர்ந்தது? எல்லா இலக்கமும் ஒன்றே என்ற நிபந்தனை நடு இலக்கங்களுக்கு எந்த விடுதலையும் தருவதில்லை. எந்த இலக்கம், எத்தனை தடவை என்ற இரண்டு செய்திகள் தெரிந்தால் எண் முழுவதும் தெரிந்துவிடும். 777 என்பது 7-ஐ 999-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தது. 999 என்பது 10-இன் அடுக்கில் ஒன்று குறைவு. ஆகவே கேள்வி, 10-இன் அடுக்குகளால் ஆன ஒரு வரிசையும் பொன் விகிதத்தின் அடுக்குகளால் ஆன ஒரு வரிசையும் எங்கே சந்திக்கின்றன என்ற சமன்பாடாக மாறிவிடுகிறது. இலக்கங்கள் என்ற பேச்சே அதில் இல்லை. ஆலன் பேக்கர் 1966 முதல் உருவாக்கிய, மடக்கைகளின் நேரியல் சேர்க்கைகள் பூச்சியத்துக்கு மிக நெருங்க முடியாது என்ற கோட்பாடு இத்தகைய சந்திப்புகளுக்கெல்லாம் வரம்பு கட்ட வல்லது. அதற்காக அவருக்கு 1970இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

இதற்கு மாறாக, கட்டு போதாத ஓர் இடமும் உண்டு. 2, 4, 8, 64, 2048 ஆகிய ஐந்தும் எல்லா இலக்கமும் இரட்டையாக அமைந்த 2-இன் அடுக்குகள். ஆறாவது இல்லை என்பது ஊகம். இரட்டிக்கும்போது ஓரிடத்தில் கிடைக்கும் இலக்கம் இரட்டையாக இருக்க வேண்டுமானால் வலப்புறத்திலிருந்து 1 ஏறி வரக் கூடாது. அதாவது வலப்புற இலக்கம் 4-ஐத் தாண்டக் கூடாது. எனவே 2048 இரட்டைகளால் ஆனது என்பதும் 1024-இல் ஐந்தும் அதற்கு மேற்பட்ட இலக்கமும் இல்லை என்பதும் ஒரே செய்தி. இவ்வளவு துல்லியமாக இரட்டித்தலோடு பிணைந்திருந்தும் ஊகம் தீரவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து இலக்கங்களில் எதுவும் வரலாம் என்ற சுதந்திரம் நடுவில் எஞ்சியிருப்பதே காரணம்.

7. இலக்கங்களின் மேலேயே நடக்கும் விதிகள்

மீள்வரையறை விதி எண்ணின் அளவை விட்டுவிட்டு இலக்கங்களின் மேலேயே நேரடியாக நடந்தால் நிலைமை தலைகீழாகிறது. 1, 11, 21, 1211, 111221, 312211 என்ற வரிசையில் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதை வாய்விட்டுப் படித்ததன் எழுத்து வடிவம்: 1211 என்பதை ஒரு 1, ஒரு 2, இரண்டு 1 என்று படித்தால் 111221. ஜான் கான்வே 1980களில் இதை ஆராய்ந்தார். இதில் 4 என்ற இலக்கம் ஒருபோதும் வராது. 4 வர வேண்டுமானால் முந்தைய உறுப்பில் ஒரே இலக்கம் நான்குமுறை அடுத்தடுத்து நின்றிருக்க வேண்டும். அப்படி நின்றால், ஒரே இலக்கத்தின் ஒரே தொடர்ச்சியை இரண்டாக உடைத்து இரண்டுமுறை படித்ததாகிவிடும். அது விதிக்கு மாறு. இரண்டு வரியில் முடிந்த நிறுவல்.

தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்த 6174-உம் இவ்வகையே. நான்கு இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். நான்கும் ஒன்றாக இல்லாதவரை அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 வந்துவிடும். அவர் அறிவித்த ஆண்டையே எடுத்துக்கொண்டால் 9941-இலிருந்து 1499 போக 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, 6174. ஏழு படிகளும் தேவைப்பட்டன. நான்கிலக்க எண்கள் பத்தாயிரத்துக்குள் அடங்குபவை என்பதால் இங்கே எல்லாவற்றையும் எண்ணியே முடித்துவிடலாம்.

இலக்க விதியும் கூட்டலும் ஒன்றுசேர்ந்தால் மீண்டும் பழைய தொல்லை. ஓர் எண்ணைத் திருப்பி எழுதி அதனோடு கூட்டிக்கொண்டே போனால் பெரும்பாலும் விரைவில் மாலைமாற்று எண் ஒன்று கிடைக்கும். 89-க்கு 24 படிகள் வேண்டும், கிடைப்பது 8813200023188. 196-இல் தொடங்கினால் 887, 1675, 7436, 13783, 52514 என்று போய், கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்கள் வரை கணித்தும் மாலைமாற்று வரவில்லை. வராது என்று நிறுவப்படவும் இல்லை. கூட்டலில் இடப்புறம் ஏறும் 1 எங்கே தோன்றும், எங்கே தோன்றாது என்பதை நடு இலக்கங்களே முடிவு செய்கின்றன. அவற்றைப் பிடிக்க ஒழுங்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டின் அடிமானத்தில் இதே கேள்வி தீர்ந்துவிட்டது. 22 அங்கே 10110. அதைத் திருப்பிக் கூட்டினால் நான்கு படிகளில் 10110100 வருகிறது. இன்னும் நான்கு படிகளில் 1011101000. மேலும் நான்கில் 101111010000. முதலில் 10, இறுதியில் 01-உம் பூச்சியங்களும், நடுவில் ஒன்றுகள். நான்கு படிக்கு ஒருமுறை நடுவில் ஒரு 1 கூடுகிறது, முடிவில் ஒரு 0 கூடுகிறது, வேறெதுவும் மாறுவதில்லை. இடைப்பட்ட மூன்று படிகளின் வடிவங்களையும் இவ்வாறே எழுதிவிடலாம். நான்கில் எதுவும் மாலைமாற்று அன்று. ஆகவே 22-இலிருந்து மாலைமாற்று ஒருபோதும் கிடைக்காது. இந்த வரிசையின் எந்த உறுப்பிலும் எந்த இடத்திலும் எந்த இலக்கம் நிற்கிறது என்று, நடு உட்பட, முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. 196-க்கு அப்படியொரு வடிவம் பத்தின் அடிமானத்தில் இதுவரை காணப்படவில்லை.